எட்டு பி-யின் பயம்

இந்த வாரம் எண் எவ்வளவுக்கு இறங்கியிருக்குமோ என்று நினைத்தபடியே மோகனப்பிரியா போர்டில் இலையின் குறுக்குவெட்டுப் படத்தை வரைந்துகொண்டிருந்தாள். இலைத்துளையின் வாயைப் போடும்போது அது வந்துவிட்டது. மணிக்கட்டில் கட்டியிருந்த பட்டை சில்லிட்டது. நெஞ்சுக்குழியில் யாரோ உள்ளங்கையை வைத்து அழுத்துவதுபோல ஒரு பாரம் ஏறியது. முதுகுக்குப் பின்னால் வகுப்பு மொத்தமும் மூச்சைப் பிடித்துக்கொண்டது அவளுக்குத் திரும்பிப் பார்க்காமலே தெரிந்தது.

"மிஸ், மறுபடியும் வந்துருச்சுங்க மிஸ்" என்றாள் முதல் பெஞ்சு தன்விகா. வகுப்புத் தலைவி. தைரியசாலி என்று பெயர் வாங்கிய பெண். அவள் உதடுகூட வெளுத்திருந்தது.

"எல்லாரும் மூச்சை மெதுவா இழுத்து விடுங்க. போயிரும்."

பிள்ளைகள் மூச்சை இழுத்தார்கள், விட்டார்கள். இழுத்து விட்டுக்கொண்டே ஒவ்வொரு தலையாக ஜன்னலோரத்துக் கடைசி பெஞ்சுப் பக்கம் திரும்பியது. மூன்று பேர் உட்காரும் பெஞ்சில் லிப்சா மட்டும் தனியாக உட்கார்ந்து நோட்டில் இலையை வரைந்துகொண்டிருந்தாள். எல்லோரும் பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும் பென்சிலைக் கீழே வைத்தாள்.

திருப்பூரில் நொய்யலுக்குத் தெற்கே இருந்த அந்த அரசுப் பள்ளிக்கூடத்துக்குப் பட்டை வந்தது போன வருடம். பள்ளிக்கூடங்களில் அடிதடி முற்றிப்போன நேரம் அது. கையில் கலர் கலராகக் கயிறு கட்டிக்கொண்டு நீ யார், நான் யார் என்று பையன்கள் முறைத்துக்கொண்டு திரிந்தார்கள். அந்தக் கயிறுகளை அறுத்துப் போட்டுவிட்டு அதே மணிக்கட்டுகளில் சாம்பல் நிறப் பட்டையைக் கட்டினார்கள். 'அரண்' என்று அதற்குப் பெயர். பிள்ளைகளுக்கு வெறும் பட்டை.

கட்டிவிட வந்த இர்ஃபான் என்ற இளைஞன் ஆசிரியர்களை உட்கார வைத்து விளக்கினான்.

"ஒரு புள்ளைக்குப் பயம் வந்தா, அதுல ஒரு பங்கு வகுப்புல இருக்கற எல்லாருக்கும் போகும் மேடம். பயமுறுத்தறவனுக்கும் சேர்த்துத்தான். அடுத்தவன் நெஞ்சு படக் படக்குன்னா இவனுக்கும் அடிக்கும். அப்புறம் எப்படிக் கை ஓங்குவான்?"

"யாருக்குப் பயம்னு காட்டுமுங்களா?" என்று கேட்டார் தலைமையாசிரியர் தண்டபாணி.

"காட்டாது சார். காட்டினா அந்தப் புள்ளையைக் குறி வச்சிருவாங்க. யாருதுன்னு தெரியாம இருக்கறதுதான் இதுல பாதுகாப்பே."

"எங்களுக்கும் எதுக்குப்பா?" என்று கேட்டது மோகனப்பிரியாதான்.

"வகுப்புல என்ன நடக்குதுன்னு உங்களுக்கும் தெரியணுமில்லீங்க மேடம். ஆனா உங்க பட்டை வாங்கறதோட சரி. அனுப்பாது."

முதல் ஆறு மாதம் அதிசயமாகத்தான் இருந்தது. கழிப்பறைக்குப் பின்னால் சண்டை இல்லை. பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடுவது நின்றது. திக்கிப் பேசும் நந்தகிஷோர் வகுப்பில் எழுந்து நின்று செய்யுள் ஒப்பித்தான். முழுதாக ஒரு நிமிடம் ஆனது, யாரும் சிரிக்கவில்லை. ஒவ்வொரு வகுப்பின் நிலவரமும் வாரத்துக்கு ஒரு எண்ணாகச் சென்னைக்குப் போயிற்று. அப்போது ஏழு பி-யாக இருந்த இந்தப் பிள்ளைகளின் எண்ணைத் தண்டபாணி காலை வழிபாட்டில் வாசித்துக் கைதட்டச் சொன்னார். ஒப்பந்த ஆசிரியர்களுக்கு அடுத்த வருடம் வேலை உண்டா இல்லையா என்பதை இனி அந்த எண்ணைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள் என்று பிறகு வந்த உத்தரவு சொன்னது. மோகனப்பிரியா ஒப்பந்த ஆசிரியை.

ஜூன் மாதம், பழைய பட்டைகளை வாங்கிக்கொண்டு எல்லோருக்கும் புதுசு கட்டிய அதே வாரம், லிப்சா வந்தாள். ஒடிசாக்காரி. அப்பா ஒரு சாயப்பட்டறையில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். சூரத்தில் மூன்று வருடம், கேரளத்தில் பெரும்பாவூரில் ஒரு வருடம் என்று ஊர் ஊராகப் படித்தவள். மலையாளம் கலந்த தமிழ் பேசினாள். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அவள் வகுப்பு வாசலில் வந்து நின்ற அன்றைக்குத்தான் எட்டு பி முதல் முறையாகக் காரணமில்லாமல் நடுங்கியது. அதற்குப் பிறகு வாரத்தில் மூன்று நாள், நான்கு நாள். எண் சரியத் தொடங்கியது.

பிள்ளைகளுக்குக் கணக்குப் போட அதிக நேரம் ஆகவில்லை. புதுசாக வந்தது அவள். புதுசாக வந்தது பயம்.

யாரும் அவளை அடிக்கவில்லை. ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அவள் குழாயடிக்குப் போனால் மரியாதையாக விலகி வழிவிட்டார்கள். மதியச் சாப்பாட்டு வரிசையில் அவளை முன்னால் விட்டுவிட்டுத் தள்ளி நின்றார்கள். விளையாட்டு நேரத்தில் "நீ ரெஸ்ட் எடு லிப்சா" என்று கனிவாகச் சொன்னார்கள். அடித்தால் பட்டை காட்டிக்கொடுத்துவிடும். ஒதுக்கினால் அதற்குத் தெரியாது. பட்டைக்குத் தெரிந்தது பயம் ஒன்றுதான். தனியாக இருப்பது என்றால் என்னவென்று அதற்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அந்த இடைவெளியைப் பிள்ளைகள் தாமாகவே கண்டுபிடித்துக்கொண்டார்கள்.

மோகனப்பிரியா அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். நல்ல பிள்ளைகள், சண்டை போடாமல் இருக்கிறார்கள் என்று மனதுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

ஆகஸ்டில் பெற்றோர்கள் வந்துவிட்டார்கள். தன்விகாவின் அம்மா சாந்தாமணிதான் முன்னால் நின்று பேசினார். வீட்டிலேயே பவர்டேபிள் தையல் மிஷின் போட்டு பனியன் தைத்துக் கொடுப்பவர். உரக்கப் பேசிப் பழகிய குரல்.

"என்ற புள்ள சோறு திங்கறதில்லீங்க சார். தூக்கத்துல எந்திரிச்சு உக்காந்துக்குது. என்ன கண்ணுன்னா தெரியலைங்குது. எங்க புள்ளைக்கு எங்க வீட்ல ஒரு பயமும் கிடையாதுங்க. யாரோட பயத்தையோ இது எதுக்குச் சுமக்கோணும்?"

"அந்தப் புள்ளையும் புள்ளைதானுங்களே" என்றார் தண்டபாணி.

"நான் இல்லீங்கலையே. பாவந்தான். அதுக்கு வைத்தியம் பாருங்க. எங்க புள்ளைங்களை விட்ருங்க."

எல்லோரும் போன பிறகு தண்டபாணி மேசையில் விரலால் தட்டிக்கொண்டே இருந்தார். "பட்டையக் கழட்டிட்டு, கொஞ்ச நாளைக்கு அந்தப் புள்ளைய நூலக அறையில உக்கார வெச்சுப் பாடம் சொல்லித் தரலாமான்னு பாக்கறேன். நீங்க என்ன சொல்றீங்க அம்மணி? உங்க வகுப்பு."

வேண்டாம் என்று சொல்ல இடம் இருந்தது. அவர் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்.

"அந்தப் புள்ளைக்கும் அதுதான் நல்லதுங்க சார்" என்றாள் மோகனப்பிரியா.

மறுநாள் காலை அவளே நூலக அறையில் வைத்துப் பட்டையைக் கழற்றினாள். லிப்சா கையை நீட்டிக்கொண்டு நின்றாள். எதற்கு என்று கேட்கவில்லை. கழற்றியதும் மணிக்கட்டைத் தேய்த்துவிட்டுக்கொண்டு, பள்ளிக்கூடத்துக்கு வந்த நாளிலிருந்து முதல் தடவையாகப் பல் தெரியச் சிரித்தாள்.

"இப்ப லேசா இருக்கு மிஸ்."

பாவம், எவ்வளவு சுமந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டே மோகனப்பிரியா வகுப்புக்குப் போனாள்.

அன்று ஒன்றும் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. வாரம் முழுக்க எட்டு பி கலகலவென்று இருந்தது. எண் ஏறியது. சாந்தாமணி ஒரு டப்பா நிறைய அதிரசம் கொடுத்தனுப்பினார். மோகனப்பிரியா இரண்டு எடுத்துத் தின்றாள். ஒன்றை லிப்சாவுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று தோன்றியது. யார் கொடுத்தது என்று கேட்டால் என்ன சொல்வது என்று விட்டுவிட்டாள்.

அடுத்த திங்கட்கிழமை தண்டபாணி அவளைக் கூப்பிட்டு, சென்னையிலிருந்து ஆய்வுக்கு வருகிறார்கள், எட்டு பி-யைத்தான் முதலில் பார்ப்பார்களாம் என்றார். அவள் சரிங்க சார் என்று சொல்லிவிட்டு வகுப்புக்குள் நுழைந்தாள். வருகைப்பதிவு எடுத்து முடிக்கவில்லை. வந்துவிட்டது.

இந்தத் தடவை சில்லிப்போடு நிற்கவில்லை. அலை அலையாக ஏறியது. ஒரு பையன் வாந்தி எடுத்தான். தன்விகா மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பிள்ளைகளின் தலைகள் பழக்கத்தில் ஜன்னலோரத்துக் கடைசி பெஞ்சுப் பக்கம் திரும்பின. பெஞ்சு காலியாக இருந்தது. தலைகள் அங்கே நிற்கவில்லை. மெதுவாக வகுப்பைச் சுற்றி வந்தன. நந்தகிஷோரிடம் வந்து நின்றன.

"நா... நா... நானில்ல" என்றான் அவன்.

மதியம் சாப்பிடும்போது பிள்ளைகள் அவனை வரிசையில் முன்னால் விட்டுவிட்டுத் தள்ளி நின்றார்கள்.

வராந்தாவில் நின்று மோகனப்பிரியா அதைப் பார்த்தாள். லிப்சாவின் பயம் என்றால் பட்டையைக் கழற்றியதோடு முடிந்திருக்க வேண்டும். நந்தகிஷோருடையது என்றால் போன வருடம் ஏன் வரவில்லை? அவனையும் நூலக அறைக்கு அனுப்பினால் அதற்கடுத்து யார்? வராந்தாவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். டிபன் டப்பாவைத் திறக்கவில்லை. கடைசியில் கால் அவளை நூலக அறைக்குக் கொண்டுபோய் நிறுத்தியது.

லிப்சா பழைய அட்லஸ் ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு முட்டையைத் தோல் உரித்துக்கொண்டிருந்தாள்.

"லிப்சா, உங்கிட்ட ஒண்ணு கேக்கணும். பயப்படாம சொல்லணும். வகுப்புல உக்காந்திருக்கப்ப உனக்கு எதை நினைச்சுப் பயம் வந்துச்சு?"

பெண் முட்டையைக் கீழே வைத்தாள். "எனக்குப் பயம் இல்ல மிஸ்."

"வந்துச்சே கண்ணு. எங்க எல்லாருக்கும் தெரிஞ்சுதே."

"வந்தது. ஆனா என்டது இல்ல. சூரத்தில் எனக்குப் பயம் இல்ல. பெரும்பாவூரில் ஒரு பட்டி, அதான் நாய், துரத்தும், அதுக்கு மட்டும் பயம். இங்கே வந்து கையில இது கட்டினப்பதான் வந்தது." சொற்களைத் தேடி எடுத்து அடுக்கினாள். "இந்த ஊரில் எல்லாருக்கும் பயம் போல, நமக்குத்தான் காரியம் தெரியலன்னு நெனச்சேன். அப்பாகிட்ட கேட்டேன், இந்த ஊர்ல என்ன உண்டு, எதுக்கு எல்லாரும் பயப்படறாங்கன்னு. அப்பாவுக்கும் தெரியல."

மோகனப்பிரியா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"எல்லா நாளும் வந்துச்சா?"

"நீங்க லீவு எடுத்த நாள் மட்டும் வரல மிஸ். காய்ச்சல்னு சொன்னாங்களே, அந்த ரெண்டு நாள்." அவள் இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. மழை பெய்யாத நாளைச் சொல்வதுபோலச் சொன்னாள். "அப்ப நல்லா இருந்தது. பக்கத்து பெஞ்சுப் பொண்ணு எனக்கு ரப்பர் தந்தாள்."

மோகனப்பிரியா வேப்பமரத்தடியில் நின்று இர்ஃபானுக்குப் போன் செய்தாள்.

"தம்பி, எங்க பட்டை அனுப்பாதுன்னு சொன்னீங்க இல்ல?"

"ஆமாங்க மேடம்."

"நிச்சயமாவா? ஜூன்ல பழசை வாங்கிட்டு எல்லாருக்கும் புதுசு கொடுத்தீங்களே. அதுவும் அப்படித்தானா?"

அந்தப் பக்கம் விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. "ஒரு நிமிஷம் மேடம்... ஐயோ. ஜூன்ல வந்ததெல்லாம் ஒரே மாதிரி. டீச்சருக்கு வேற, பசங்களுக்கு வேறன்னு பிரிக்கல. எல்லாமே அனுப்புது."

"அப்ப எனக்குப் பயம் வந்தா?"

"உங்க பட்டை உங்க பயத்தை உங்களுக்கே திருப்பித் தராது. புள்ளைங்களுக்குப் போகும். அவங்க பயந்ததும் அது உங்களுக்கு வரும். நீங்க இன்னும் பயப்படுவீங்க, அது மறுபடி அவங்களுக்குப் போகும்..." குரல் தாழ்ந்தது. "உண்மையைச் சொல்லணும்னா, டீச்சருக்குப் பயம் வரும்னு யாரும் யோசிக்கல மேடம். நாளைக்கு நானே வந்து உங்களுதைச் சத்தமில்லாம மாத்திடறேன். எதுக்கு வெளிய தெரியணும்? உங்களுக்கும் கஷ்டம், எனக்கும் கஷ்டம். நாளன்னைக்கு ஆய்வு வேற இருக்கு இல்ல?"

அவள் போனை வைத்துவிட்டாள்.

வாசலில் வந்து நின்ற லிப்சாவைப் பார்த்த அந்தக் காலை இப்போது அவளுக்கு நன்றாக நினைவு வந்தது. சாயம் ஏறிய விரல்களுள்ள ஒரு அப்பா, எண்ணெய் வைத்துச் சடையை இறுக்கிப் பின்னிய ஒரு பெண். சிரித்து "உள்ள வாம்மா" என்று கூப்பிட்டபோதே உள்ளுக்குள் ஓடியது வேறு. தமிழ் தெரியாத பிள்ளை. இவள் பயப்படுவாள், எண் இறங்கும், என் வேலை போகும். அதைத்தான் பட்டை வாங்கி எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுத்தது. பிள்ளைகள் லிப்சாவின் பயத்தை உணரவில்லை. லிப்சாவைக் கண்டு தங்கள் மிஸ்ஸுக்கு வந்த பயத்தைத்தான் உணர்ந்தார்கள். அது யாரைப் பற்றியது என்ற வரைக்கும் சரியாகவே கண்டுபிடித்துவிட்டார்கள்.

இர்ஃபான் நாளை வருவான். பட்டை மாறும். பயம் நின்றுவிடும். நின்றுபோனால் என்ன ஆகும் என்று அவள் யோசித்துப் பார்த்தாள். நந்தகிஷோரையும் தள்ளி உட்கார வைத்தோம், சரியாகிவிட்டது என்பார்கள். அந்த ஒரிசாப் பெண் போனதும் நின்றது பார்த்தாயா என்பார்கள். இரண்டு பிள்ளைகள்மீதும் அது எழுதாத தீர்ப்பாகக் கிடக்கும். எந்த ஊருக்குப் போனாலும், என்னால்தான் எல்லோருக்கும் வலித்தது என்று அந்தப் பெண் நினைத்துக்கொண்டே வளர்வாள்.

மணி அடித்தது. எட்டு பி-க்கு அடுத்த பாடவேளை கணக்கு. கணக்கு ஆசிரியரிடம் கேட்டு அந்த நேரத்தை வாங்கிக்கொண்டாள்.

வகுப்பில் நின்று வாயைத் திறப்பதற்குள் பிள்ளைகளின் முகம் மாறியது. ஆளுக்கு ஆள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்கள். நந்தகிஷோர் தலையைக் குனிந்துகொண்டான். அவனைச் சுற்றி ஒரு பெஞ்சு காலியாக இருந்தது.

"யாரும் யாரையும் பாக்க வேண்டாம்" என்றாள் மோகனப்பிரியா. "இங்க பாருங்க. என்னைப் பாருங்க. இப்ப உங்களுக்கு வர்றது என்னோட பயம்."

யாருக்கும் புரியவில்லை.

"உங்க பட்டை மாதிரியே என்னோடதும் அனுப்புதாம். எனக்கு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது. ஜூன்ல இருந்து உங்களுக்கு வந்ததெல்லாம் என்னோடது. லிப்சாவோடது இல்ல. நந்தகிஷோரோடதும் இல்ல."

"சும்மா சொல்றீங்க மிஸ்" என்றாள் தன்விகா. "பெரியவங்களுக்கு எதுக்கு மிஸ் பயம்?"

"வேலை போயிரும்னு பயம். உங்க எண் இறங்கினா எனக்கு அடுத்த வருஷம் வேலை இல்ல." அவள் காலியாகக் கிடந்த கடைசி பெஞ்சைப் பார்த்தாள். "இன்னொண்ணும் இருக்கு. லிப்சா வந்த அன்னைக்கு, இந்தப் புள்ள எதுக்கு நம்ம வகுப்புக்கு வந்துச்சுன்னு நினைச்சேன். வாயில சொல்லலை. ஆனா உங்களுக்குக் கேட்டுருச்சு."

இதைச் சொல்லும்போது வந்த அலைதான் எல்லாவற்றிலும் பெரிது. நடுவில் இருந்த ஒரு பெண் காதைப் பொத்திக்கொண்டாள். மோகனப்பிரியா மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு பட்டையின் கொக்கியைத் தள்ளி, கழற்றி, மேசைமேல் வைத்தாள்.

வகுப்பு ஒரே மூச்சில் தளர்ந்தது. முப்பது பேரின் தோள்களும் இறங்கின. அதற்கு மேல் ஒரு விளக்கமும் தேவைப்படவில்லை.

முதலில் அழுதது தன்விகா. "நாந்தான் மிஸ் எங்கம்மாகிட்ட சொன்னேன். அவதான், அவளாலதான்னு சொன்னேன்."

நந்தகிஷோர் கையைத் தூக்கினான். வார்த்தை வர நேரமானது, எல்லோரும் காத்திருந்தார்கள். "அ... அடுத்த வருஷம் நீங்க இ... இருப்பீங்களா மிஸ்?"

"தெரியலைடா."

அவள் எல்லாவற்றையும் தண்டபாணியிடம் போய்ச் சொன்னாள். "வர்றவங்ககிட்ட நான் மறைக்க முடியாதுங்க அம்மணி."

"மறைக்க வேண்டாமுங்க சார். நானே சொல்லிக்கறேன்."

"அந்தப் பையன் மாத்தித் தர்றேன்னு சொன்னானே, பேசாம இருந்திருக்கலாம்ல?"

ஆய்வு நாளில் அவளே எல்லாவற்றையும் சொன்னாள். ஆய்வுக்கு வந்தவர்கள் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு போனார்கள். ஏப்ரலில் ஒப்பந்தம் முடிந்ததும் அவளைத் திரும்பக் கூப்பிடவில்லை. ஆசிரியர்களுக்கான பட்டை மட்டும் எல்லாப் பள்ளிக்கூடங்களிலும் திரும்பப் பெறப்பட்டது.

ஆனால் அது பின்னால் நடந்தது. ஆய்வு முடிந்த மறுநாள் காலை அவள் நூலக அறைக்குப் போய், நடந்ததையெல்லாம் லிப்சாவிடம் மெதுவாக, அவளுக்குப் புரிகிற சொற்களில் சொன்னாள். மன்னிப்புக் கேட்டாள். லிப்சா கேட்டுக்கொண்டாள். சரி என்றோ பரவாயில்லை என்றோ சொல்லவில்லை. அன்று கழற்றிய பட்டையை எடுத்து நீட்டியபோது கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"வகுப்புக்கு வர்றேன் மிஸ். இது வேண்டாம்."

"கட்டாயம்னு சொல்வாங்க கண்ணு."

"வேண்டாம்."

மோகனப்பிரியா பட்டையைத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

லிப்சா வகுப்புக்குள் நுழைந்தபோது பேச்சு நின்றது. அவள் யாரையும் பார்க்காமல் நேராக ஜன்னலோரத்துக் கடைசி பெஞ்சுக்குப் போய், பையை வைத்து, நோட்டை எடுத்து, பென்சிலைக் கூராக்கத் தொடங்கினாள். கூராகிவிட்ட பிறகும் சீவிக்கொண்டே இருந்தாள். பிள்ளைகள் பழக்கத்தில் தங்கள் மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்தார்கள். பட்டையில் ஒன்றும் வரவில்லை. அந்தப் பெண்ணுக்குள் என்ன ஓடுகிறது என்று யாருக்கும் தெரியவில்லை. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. எட்டு பி நெளிந்தது.

தன்விகா எழுந்தாள். உட்கார்ந்தாள். மறுபடியும் எழுந்து, பெஞ்சுகளுக்கு நடுவே நடந்து, கடைசி பெஞ்சின் அருகில் போய் நின்றாள். கையை எங்கே வைத்துக்கொள்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. மோகனப்பிரியா போர்டுப் பக்கம் திரும்பிக்கொண்டாள். காது மட்டும் பின்னால் இருந்தது.

"லிப்சா..." தன்விகாவின் குரல் மிகவும் சன்னமாகக் கேட்டது. "பயமா இருக்கா?"

பென்சில் சீவும் சத்தம் நின்றது.

"ம்" என்றாள் லிப்சா. "இப்ப கொஞ்சம் இருக்கு."